மரமும் காடும் கட்டத்துக்குள் வந்தால் எந்த வழி நல்லது?

‘மூங்கில் (2)’ என்று குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பு வருகிறது என்று வையுங்கள். வேய், கழை, அமை, பணை, வேணு. ஐந்துமே இரண்டெழுத்து, ஐந்துமே மூங்கில்தான். வெதிர், வேரல், முந்தூழ் என்று இன்னும் சில இருந்தாலும் அவை நீளம் கூடியவை என்பதால் தாமாகவே விலகிவிடும். மிச்சமுள்ள ஐந்தில் எதை எழுதுவது?

நதி, நகரம், நடிகர் பற்றிய குறிப்புகளில் விடை ஒன்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மரம், காடு என்று வந்தால் தமிழில் கதை வேறு. சொல் நிறையத் தெரிந்தவருக்குத்தான் இங்கே தடுமாற்றம் அதிகம். அதனால் விடையைத் தேடுவதற்கு முன்பே, எந்தப் பக்கத்திலிருந்து தேடுவது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை வழிகள் ஐந்து: குறுக்கே வெட்டும் எழுத்துகளை முதலில் நிரப்பிக்கொண்டு வருவது, மாற்றுப் பெயர்களை மனத்தில் வரிசையாக ஓட்டுவது, மரத்தின் இயல்பை வைத்து யோசிப்பது, குறிப்பிலுள்ள சொல்விளையாட்டைப் பிரிப்பது, அகராதியிலோ இணையத்திலோ தேடுவது. ஐந்தும் ஒரே தரம் அல்ல. எந்தக் குறிப்புக்கு எது என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு.

வெட்டும் எழுத்துகள்

பழகிய பலரும் முதலில் சொல்லும் வழி இதுதான். மற்ற குறிப்புகளை முடித்துவிட்டு, விழுந்த எழுத்துகளைக் கொண்டு மரத்தைப் பிடிப்பது. தமிழில் இது ஆங்கிலத்தைவிட வலுவான வழி. அங்கே 26 எழுத்துகளில் ஒன்று விழும். இங்கே ஒரு கட்டத்தில் விழுவது 247 எழுத்துகளில் ஒன்று. ‘கொ’ என்று ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. மூன்றெழுத்து மரம், முதலெழுத்து ‘கொ’ என்றால் கொன்றை, கொய்யா இரண்டைத் தவிர வேறெதுவும் எளிதில் நினைவுக்கு வராது.

ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் ‘ம்’ விழுந்தால் ஏறக்குறைய எதுவுமே கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தனம், வில்வம், கடம்பம், பனசம், வகுளம், பாடலம், சூதம், தாலம் என்று பாதி மரங்கள் அப்படித்தான் முடிகின்றன. காடுகளும் அப்படியே: வனம், கானம், கானகம், விபினம், பழுவம், ஆரணியம், வனாந்தரம்.

நடுவில் விழும் மெய்யெழுத்து அப்படி இல்லை. ‘ங்’ விழுந்தால் அடுத்த கட்டம் க வரிசைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். மூன்று கட்டத்தின் நடுவில் ‘ங்’ என்றால் வேங்கை, தெங்கு, புங்கை, கோங்கு என்று ஒரு சிலதான். நான்கு கட்டத்தில் இரண்டாவது ‘ங்’ என்றால் பெரும்பாலும் மூங்கில், மூன்றாவது ‘ங்’ என்றால் முருங்கை. ஐந்தெழுத்தில் மூன்றாவது என்றால் கருங்காலி. ‘ன்’ அவ்வளவு தீர்மானமானது அல்ல. கொன்றை, புன்னை, தென்னை, வன்னி எல்லாம் அந்த வாசலில் நிற்கும். இருந்தாலும் கடைசி ‘ம்’மோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

முதல் கட்டத்துக்கும் ஒரு சலுகை உண்டு. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் ர, ல, ட, ண, ழ, ள, ற, ன வராது. வடமொழியிலிருந்து வந்த பெயர்கூட முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். ரம்பை அரம்பையாவது அப்படித்தான். ஆக, முதல் கட்டத்தில் ‘ல’ வந்து விழுந்தால் குறுக்கே எழுதியதைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நம் வார இதழ்ப் புதிர்களில் பலவற்றில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும். அப்போது சொல்லின் கடைசி எழுத்து இடக்கோடியிலோ உச்சியிலோ இருக்கும். திசையைப் பார்க்காமல் இந்த விதியைப் போட்டால் சரியான விடையையே அழிக்க நேரும்.

இப்போது காட்டுப் பெயர்களை இந்த வழியில் வைத்துப் பாருங்கள். ‘காடு (3)’ என்றால் அடவி, வனம், கானம், கடறு, புறவு எல்லாம் பொருந்தலாம். மூன்றாவது கட்டத்தில் ‘ம்’ இருந்தால் வனம், கானம் என்று இரண்டு மிஞ்சும். அவற்றுக்கு இரண்டாவது எழுத்தும் ‘ன’வேதான். முதல் கட்டம் நிரம்பாதவரை எவ்வளவு யோசித்தாலும் தீராது. ஆகவே அந்த முதல் கட்டத்தை வெட்டும் குறிப்பைத்தான் அடுத்ததாக எடுக்க வேண்டும். இரண்டெழுத்தில் இது தலைகீழாகிவிடும்: காடு, கான், காவு என்று முதலெழுத்து ஒன்றாகவே இருக்க, இரண்டாவது கட்டம்தான் தீர்ப்புச் சொல்லும். நான்கெழுத்தில் கானகம், விபினம், பழுவம் மூன்றும் ‘ம்’மில் முடிகின்றன, இறும்பு மட்டும் விலகி நிற்கிறது. கடைசிக் கட்டத்தில் ‘பு’ விழுந்தால் பட்டென்று இறும்பு என்று எழுதிவிடலாம். குறுங்காட்டுக்கு உள்ள அழகான சொல் அது.

வெட்டும் எழுத்துகளை நம்பும் வழியின் பலவீனம், அது பொறுமையைக் கேட்கிறது என்பதோடு முடிவதில்லை. சொல்லே தெரியாவிட்டால் எழுத்து விழுந்தும் பயனில்லை. ‘ப_வம்’ என்று மூன்று கட்டம் நிரம்பிய பிறகும், பழுவம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் அங்கேயேதான் நிற்பார்.

பெயர் வரிசை

அதனால்தான் இரண்டாவது வழி. செய்யுளில் அமைந்த பழைய சொல்தொகுப்புகளான நிகண்டுகள் இதற்கென்றே செய்து வைத்தவை போல இருக்கின்றன. திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் நான்காவது தொகுதி மரப்பெயர்த் தொகுதி. ஒரு மரத்துக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் அங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சூடாமணியின் பதினோராவது தொகுதி இன்னும் வியப்பானது. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்லும் அந்தப் பகுதி எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. மனப்பாடத்துக்காக அப்படிச் செய்தார்கள். இரண்டாவது கட்டம் மட்டும் நிரம்பியிருக்கும் புதிர்க்காரருக்கு இதைவிட நல்ல வரிசை கிடைக்காது. 1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியின் நான்கு பிரிவுகளில் ஒன்றான பொருளகராதியும் இதற்கு உதவும்: பொருளைச் சொன்னால் அதற்குரிய பெயர்களைத் தரும்.

நிகண்டு முழுவதும் வேண்டியதில்லை. புதிரில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு கைப்பிடிதான். அரசு என்றால் போதி, பிப்பலம், அசுவத்தம். ஆல் என்றால் வடம். மா என்றால் சூதம், ஆம்பிரம். பலா பனசம், பனை தாலம், பெண்ணை, போந்தை. வாழை கதலி, அரம்பை. வேம்பு நிம்பம், நெல்லி ஆமலகம், வில்வம் கூவிளம், மகிழ் வகுளம், அசோகு பிண்டி, எட்டி காஞ்சிரம், இலுப்பை மதூகம், பாதிரி பாடலம். சந்தனம் ஆரம், சாந்தம். காட்டுப் பக்கம் வந்தால் மிளை என்பது காவற்காடு, முதை என்பது முதிர்ந்த பழங்காடு, பொதும்பர், தண்டலை, பொழில் மூன்றும் சோலை. ஓரெழுத்தில் சோலை வேண்டும் என்றால் ‘கா’.

இதைக் கற்றுக்கொள்வதற்குச் சிரமம் உண்டு, ஆனால் பலன் பெரிது. குறிப்பைப் படித்ததுமே பெயர்கள் வந்து நிற்க, கட்ட எண்ணிக்கை பாதியை வடிகட்டிவிடும். அரசமரம் என்று கேட்டு இரண்டு கட்டம் இருந்தால் போதி, ஐந்து இருந்தால் பிப்பலம், ஆறு இருந்தால் அசுவத்தம். வெட்டும் எழுத்தே தேவையில்லை. பனையில் இது பலிக்காது. தாலம், பெண்ணை, போந்தை எல்லாமே மூன்றெழுத்து.

குறிப்பின் நடையையும் கவனிக்க வேண்டும். ‘மரம்’ என்று எழுதியவர் பெரும்பாலும் வழக்குச் சொல்லைக் கேட்கிறார். ‘தரு’, ‘விருட்சம்’ என்று எழுதினால் வடமொழிப் பெயரையோ இலக்கியப் பெயரையோ எதிர்பார்க்கிறார். பாப்புனையத் தெரிந்தவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. அசைகளைக் குறிக்கும் தேமா (நேர் நேர்), புளிமா, கூவிளம் என்ற வாய்பாடுகள் மரப்பெயர்களே என்பதால், ‘நேர் நேராக நிற்கும் மரம் (2)’ என்று ஒருவர் கேட்டால் விடை தேமா.

மரத்தைத் தெரிந்திருப்பது

இந்த மூன்றாவது வழியைப் புதிர்க்காரர்கள் போதுமான அளவு மதிப்பதில்லை என்பது என் வருத்தம். பெயரைச் சொல்லாமல் இயல்பைச் சொல்லும் குறிப்புகளில் நிகண்டும் உதவாது, எழுத்தும் தாமதமாகத்தான் வரும். ‘கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் கொட்டை தரும் மரம் (3)’ என்றால் தேற்றா. அந்த மரத்துக்கு ‘இல்லம்’ என்றும் பெயர் உண்டு. கட்டம் நான்கு இருந்தால் அதுதான். ‘பக்கத்து மரத்தின் வேரில் பங்கு கேட்கும் மணமரம்’ என்றால் சந்தனம். அது தனக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதியை அண்டை வேர்களிலிருந்து உறிஞ்சுகிறது. ‘நெடுங்காலம் காத்திருந்து ஒருமுறை பூத்து மடிவது’ என்றால் மூங்கில். ‘சேற்றிலிருந்து வேரை மேலே நீட்டி மூச்சுவிடும் காடு’ என்றால் அலையாத்திக் காடு.

ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே இனம். பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளேயே ஒளிந்திருக்க, மிகச் சிறிய குளவிகள் உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கின்றன. வெளியே பூ தெரியாது. பூவாமல் காய்க்கும் மரத்துக்குக் கோளி என்று நம் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. ‘பூக்காமல் காய்த்தது (2)’ என்ற குறிப்புக்கு, செடியியல் தெரிந்தவர் அத்தி என்று மூன்றெழுத்தில் மாட்டிக்கொள்வார், நிகண்டு மட்டும் தெரிந்தவருக்கு ஏன் என்று புரியாது; இரண்டும் தெரிந்தவர் கோளி என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

தொல்காப்பிய மரபியலும் இதில் தலையிடும். உள்ளே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது மரம், வெளியே வயிரம் உள்ளது புல் என்பது அதன் பகுப்பு. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். ‘வானளாவும் புல்’ என்று கேட்கும் ஒருவர் புல்தரையைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் பிடிபடும். மரத்தின் உறுப்புகளுக்கும் இதே கவனம் தேவை. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னை பனையின் பிஞ்சு குரும்பை, வாழையின் பிஞ்சு கச்சல். இவற்றை இளங்காய் என்று பொதுவாகக் கேட்டாலும், எந்த மரம் என்று குறிப்பு சொல்லிவிட்டால் விடை ஒன்றுதான்.

சொல்விளையாட்டு

நேரடிக் குறிப்பு இல்லாமல் பூட்டுப் போட்டு வரும் குறிப்புகளில், மேலே சொன்ன மூன்றையும் ஒத்திவைத்துவிட்டு வாக்கியத்தைப் பிரிப்பதுதான் முதல் வேலை. மரப்பெயர்களுக்கு இரட்டைப் பொருள் அதிகம் என்பதால் புதிர் அமைப்பவர்களுக்கு இவை வற்றாத ஊற்று. வேங்கை புலி, அரசு ஆட்சி, அத்தி யானை, வன்னி தீ, நாகம் பாம்பு, வடம் கயிறு, மதலை குழந்தை, பிண்டி மாவு, இலஞ்சி குளம், நாவல் நெடுங்கதை. கானம் பாட்டு, வனம் நீர். கிளைக்குள்ள பெயர்களான கோடு, கொம்பு, சினை மூன்றும் இப்படியே திரும்பும்.

‘காட்டில் கேட்ட பாட்டு (3)’ என்றால் கானம். ‘வீடு என்று நினைத்தால் மரம் (4)’ என்றால் இல்லம். இவை எளியவை. ‘அட, விளையாட்டு என்றதில் ஒளிந்த காடு (3)’ என்பதில் அட-வி-ளையாட்டு என்று தொடர்ந்து படித்தால் அடவி எட்டிப் பார்க்கும். ‘கூடத்து நடுவைச் சூழ்ந்த தானியம், முருகனுக்கு உகந்த மரம் (4)’ என்பது கொஞ்சம் உழைப்புக் கேட்கிறது: கூடம் என்பதன் நடு எழுத்து ‘ட’, அதைக் கம்பு சூழ்ந்தால் கடம்பு.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சொற்கள் சேரும்போது தமிழில் எழுத்து மாறும். ‘மலரும் ஆட்சியும் சேர்ந்த மரம் (4)’ என்பதற்கு விடை பூவரசு. பூ, அரசு என்று தனியாக எழுதிப் பார்த்தவர் ‘அ’ எங்கே என்று தேடுவார்; அது வகர உடம்படுமெய்யோடு சேர்ந்து ‘வ’ ஆகிவிட்டது. மரப்பெயரோடு பூ, காய், பழம் சேரும்போதும் இதே கதைதான். வேம்பு வேப்பம்பூவாகும், பனை பனம்பழமாகும், ஆல் இலையோடு சேர்ந்து ஆலிலையாகும். நேர்மையான புதிர்க்காரர் இந்த மாற்றத்தைக் கணக்கில் வைத்தே எழுத்து எண்ணிக்கையைத் தருவார். பிரித்துப் பார்ப்பவரும் அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

தேடிப் பார்ப்பது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று அதை இணையத்தில், விளக்கத்துக்குள்ளும் புகுந்து தேடலாம். எழுதிய விடையைச் சரிபார்க்க அது மிக நல்லது. விடையைக் கண்டுபிடிக்கவே அதை முதலில் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காடு என்று தேடினால் வரும் குவியலில் வேண்டியதைப் பொறுக்குவதற்குள் இரண்டு குறுக்குக் குறிப்புகளை முடித்துவிடலாம்.

இன்னொரு தடையும் உண்டு. ‘மூன்றெழுத்து, நடுவில் ன்’ என்று மாதிரி கொடுத்துத் தேடும் கருவிகள் பல தமிழ் எழுத்தை எண்ணத் தெரியாதவை. கணினிக்குள் ‘றை’ என்பது ஒன்றல்ல. றகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. கொன்றை நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடு கணக்கில் ஆறு. தமிழ் எழுத்தை முழுதாக எண்ணும்படி செய்யப்பட்ட கருவி இல்லையென்றால் தேடல் தவறான திசையில் போகும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டெழுத்து, மூன்றெழுத்து விடைகளுக்குப் பெயர் வரிசையில் தொடங்குங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் எதையும் எழுதாமல், வேறுபடும் கட்டத்தை வெட்டும் குறிப்புக்குப் போங்கள். முதலில் சொன்ன மூங்கில் அந்த வகை. கழை, அமை, பணை மூன்றும் ஐகாரத்தில் முடிவதால், இரண்டாவது கட்டத்துக்கு வரும் எழுத்தை அரைகுறை ஊகத்தில் போட்டால் குறுக்கே உள்ள நல்ல விடையும் கெடும். நான்கெழுத்துக்கு மேல் என்றால் வெட்டும் எழுத்துகளில் தொடங்குவதே மேல், அதிலும் நடுவில் மெய் விழும் இடமாகப் பார்த்து. குறிப்பு வர்ணனையாக இருந்தால் எழுத்தை மறந்துவிட்டு மரத்தை நினையுங்கள். குறிப்பு படிக்கும்போது வாக்கியம் இடறினால், அது சொல்விளையாட்டு, பிரிக்கத் தொடங்குங்கள். அகராதி கடைசியில், விடையை உறுதி செய்ய.

இந்த ஐந்தில் ஒன்றில் மட்டும் நேரம் செலவிட முடியும் என்றால் பெயர் வரிசையைத்தான் தேர்வேன். மற்ற நான்கும் சொல் தெரிந்திருந்தால்தான் வேலை செய்கின்றன. அதற்கு ஒரு குறிப்பேடு போதும். அகர வரிசையில் எழுதாமல், முதலில் கட்ட எண்ணிக்கைப்படி பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டாம் எழுத்துப்படி அடுக்குங்கள். ‘ம்’மில் முடிபவற்றைத் தனிப் பக்கத்தில் வையுங்கள்; அந்தப் பக்கம்தான் சீக்கிரம் நிறையும். இரட்டைப் பொருள் உள்ள பெயருக்குப் பக்கத்தில் மற்ற பொருளையும் எழுதிவையுங்கள். புதிரில் புதிதாக ஒரு மரம் சிக்கும்போது, பெயரோடு அதன் இயல்பில் ஒரு வரியும் சேருங்கள்: எட்டி கசப்பு, தேக்கு அகன்ற இலை, ஆல் விழுது. அடுத்த முறை அந்த மரம் பெயராக வந்தாலும் வர்ணனையாக வந்தாலும் ஒரே பக்கத்தைத் திருப்பினால் போதும்.